ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒருவன் மட்டும் வழிதவறுவது ஏன்?

கேள்வி: அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தும், ஒருவன் மட்டும் திருட்டு, அடிதடி என்று போவதைக் குற்றவியல் எவ்வாறு விளக்குகிறது?

பதில் 1: அமெரிக்கக் குற்றவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் கேள்வியையே திருப்பிப் போட்டு, மற்றவர்கள் ஏன் தவறு செய்யாமல் இருக்கிறார்கள் என்று கேட்டார். பெற்றோர் போன்றோரிடம் பற்று, இழக்க மனம் வராத எதிர்காலம், அன்றாட ஈடுபாடு, நெறிகளில் நம்பிக்கை ஆகிய நான்கு பிணைப்புகளே தடுக்கின்றன என்றார். பெற்றோர் அருகில் நிற்க வேண்டியதில்லை. கை நீளும் நொடியில் 'அம்மாவுக்குத் தெரிந்தால்?' என்ற நினைப்பு வந்தாலே போதும். அந்த நினைப்பு அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே அளவில் வருவதில்லை.

பதில் 2: குற்றத்தில் ஊறிய தந்தையிடம் கொண்ட பற்றும் மகனைத் தடுக்கும் என்று ஹிர்ஷி கருதியதை என்னால் ஏற்க இயலவில்லை.

பதில் 3: அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சிறுவர்கள் 1,000 பேரைப் பற்றி ஆய்வாளர்களான க்ளூக் தம்பதியர் திரட்டிய பதிவுகளை மீண்டும் ஆராய்ந்த குற்றவியலாளர்கள் சாம்ப்சனும் லாபும், பின்னாளில் அமைந்த நல்ல மணவாழ்வும் நிலையான வேலையும் பலரைக் குற்றத்திலிருந்து மீட்டதைக் காட்டினர். ஆகவே வழிதவறியவனைக் கைகழுவிவிடாதீர்கள்.