உதவி: சிபானி டால்ஃபின் காருக்கு ஹெட் கேஸ்கெட் எங்கே கிடைக்கும்? அவசரம்

சித்தப்பாவண்டி: வணக்கம். டால்ஃபின் சூடாகுது, தண்ணி எங்க போகுதுன்னே தெரியல. இன்ஜின் ஹெட்டுக்கு (மேல் மூடிக்கு) அடியில வைக்கிற ஹெட் கேஸ்கெட் எந்தக் கடையிலயும் இல்ல. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்பேனர்17: எந்த வருஷ மாடல்? ஒரிஜினல் இன்ஜினா, மாத்தினதா? தண்ணி வெளியே ஒழுகுதா, ஆயில்ல கலக்குதா?

குளிர்காற்று: இன்ஜினுக்குள்ள தண்ணி ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்தான். கழற்றி வீசிட்டு ஓட்டுங்க.

பழையசக்கரம்: தேடிப் பார்த்துட்டுக் கேட்கிற பழக்கமே போயிடுச்சு. தம்பி, சிபானி டால்ஃபின்னா இங்கிலாந்து ரிலையண்ட் கம்பெனியோட கிட்டன் கார். 848 சிசி அலுமினிய இன்ஜின். அங்கே அவங்களோட ராபின், ரியால்டோ கார்களுக்கும் இதேதான். ராபின் கேஸ்கெட் செட் வரவழைங்க. இங்கே கடை ஏறி இறங்கிப் பிரயோஜனமில்ல.

கட்டைவண்டி: பதில் நல்லா இருக்கு சார். அந்த முதல் வரி மட்டும் எதுக்கு?

சித்தப்பாவண்டி: 84 மாடல், ஒரிஜினல் இன்ஜின். டிப்ஸ்டிக்ல ஆயில் மோர் மாதிரி இருக்கு. ஹெட் கழற்றியாச்சு. கரி சுரண்டணும்னு மெக்கானிக் ஃபேனைப் பிடிச்சு இன்ஜினைச் சுத்தினார்.

ஸ்பேனர்17: ஐயையோ, இதையில்ல முதல்ல சொல்லணும்! இதுல வெட் லைனர், அதாவது பிஸ்டன் ஓடுற குழாய் தனியா இருக்கும், அதைச் சுத்தி தண்ணி நிக்கும். ஹெட்தான் அதை அழுத்திப் பிடிச்சிருக்கும். ஹெட் இல்லாம சுத்தினா பிஸ்டன் லைனரையும் தூக்கிட்டு வரும், அடி சீல் விட்டுடும். புது ஹெட் கேஸ்கெட் போட்டாலும் தண்ணி அடியில ஆயில் நிக்கிற சம்புக்குத்தான் இறங்கும். லைனர்களை எடுத்து, உட்கார்ற இடத்தைச் சுத்தம் பண்ணி, புது சீல் போடுங்க. அப்புறம் சுத்தணும்னா போல்ட்டும் பெரிய வாஷரும் வச்சு லைனரை இறுக்கிட்டுத் தொடுங்க.

குளிர்காற்று: தெர்மோஸ்டாட்டையும் பாருங்க.

கட்டைவண்டி: ஃபைபர் பாடிங்கிறதாலதான் இந்தக் குட்டிக் கார் இத்தனை வருஷம் தப்பிச்சிருக்கு. துருவே பிடிக்காது.

பழையசக்கரம்: பாடியைத் தாங்குற சேசிஸ் இரும்பு ஐயா! மேலே பளபளன்னு இருக்கும்போதே கீழே அரிச்சுக்கிட்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. அப்புறம், குட்டிக் கார்னா அதே பெங்களூர் சிபானிக்காரங்க முன்னாடி பண்ணின பாதல்தான். மூணு சக்கரம், 198 சிசி.

குளிர்காற்று: 83 டிசம்பர்ல மாருதி 800 வரலைன்னா டால்ஃபின் தெருவுக்கு நாலு நின்னிருக்கும்.

கட்டைவண்டி: ரெண்டே கதவு. பாட்டியை ஒருதரம் பின்சீட்டுல ஏத்தி இறக்கிட்டு வந்து பேசுங்க.

குளிர்காற்று: எங்க பாட்டி முன்சீட்டுலதான் உட்காருவாங்க.

ஸ்பேனர்17: லைனர் என்ன ஆச்சு? ஆளைக் காணோம்.

சித்தப்பாவண்டி (ஏழு வாரம் கழித்து): ராபின் செட் வந்துச்சு. ரெண்டாவது லைனர்தான் தூக்கியிருந்தது. வண்டி ஓடுது, சூடாகல. நன்றிண்ணே. சேசிஸைக் குத்திப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போயிடுச்சு. வெல்டர் வரச் சொல்லியிருக்கேன்.