ஐரோலி படகும் ஒரு பூநாரையின் காலும்

செம்பூர்வாசி
பிப்ரவரி ஞாயிறு, ஐரோலி, காலைப் படகு. மும்பையை ஒட்டிய தாணே கழிமுகம் உங்களுக்குத் தெரிந்த இடம்தான். அன்று காற்றே இல்லை. படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தியதும் பூநாரைகளின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை அரித்துக்கொண்டிருந்தன. சாம்பல் நிறத்தில் நோஞ்சானாக ஒன்று, கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒற்றைக் காலில் நின்றது. அறுபது படமாவது எடுத்திருப்பேன். இரவு கணினியில் பெரிதாக்கியபோதுதான் பார்த்தேன்: அரைகுறையாகத் தூக்கியிருந்த காலில் தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடி நைலான் இழை, நாலைந்து சுற்று இறுகியிருந்தது. அதற்குக் கீழே வீக்கம். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தும் என் கண்ணில் படவில்லையே! இரண்டு வாரமாக மனம் ஆறவில்லை.

நெரூல் அக்கா
தம்பி, நோஞ்சான் என்று எழுதாதீர்கள். இளம் பூநாரை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமி உடம்பில் சேரச் சேரத்தான் சிவப்பு ஏறும். ஒற்றைக் காலில் நிற்பதும் அவற்றின் வழக்கம். யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மாட்டுங்கா பெரியவர்
அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. கூட்டமாகவே வாழும் பறவை தனித்து நின்றால் முதலில் காலையும் இறக்கையையும் பார்க்க வேண்டும். மும்பை சிவ்ரிக் கரையில் உள்ளான் என்ற சேற்றுப் பறவை ஒன்று தங்கூசி நரம்பை இழுத்துக்கொண்டு நொண்டியதை நானும் பார்த்திருக்கிறேன். கிட்டே போகலாமென்று இறங்கி, முழங்கால்வரை சேற்றில் புதைந்தேன். இருவர் சேர்ந்துதான் இழுத்தார்கள். அதனால் சொல்கிறேன், யாரும் இறங்காதீர்கள். 1926 மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண், கைபேசியில் பதிந்து வையுங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துப் படத்தோடு தெரிவியுங்கள். கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை பார்க்காமல் கிளம்பாதீர்கள்; ஓதம் ஏற ஏறச் சேறு மூழ்கி, பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும். எடுத்த படத்தை அங்கேயே காமிராத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பறவைகளின் எண்ணிக்கையை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

செம்பூர்வாசி
ஐயா, படத்தோடு அன்றிரவே தெரிவித்துவிட்டேன். மறு ஞாயிறும் போனேன். அதே படகுக்காரர், படத்தைக் காட்டியதும் ஒன்றும் பேசாமல் முன்பு நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினார். ஆயிரக்கணக்கில் நின்றன. ஓதம் ஏறியிருந்ததால் ஒன்றின் காலும் தெரியவில்லை.