குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் படகு: கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு என்ன வழி?

பாசிக்காரி மகள்:
பாம்பனை அடுத்த குந்துகாலில் படகேறினால் குருசடைத் தீவுக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம். வெளியூர் ஆட்கள் வரட்டும், சந்தோஷம். ஆனால் அந்தக் கரையில் என் அம்மா இறங்க முடியாது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாகிவிட்டன. பாம்பன் பக்கத்துப் பெண்கள் அதற்கு முன்பிருந்தே அங்கே மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் எடுத்தவர்கள். அம்மா விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு முங்குவார். ஒரே மூச்சில் பாறை இடுக்கிலிருந்து பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் திணிப்பார். சாயங்காலம் துணியை அவிழ்த்தால் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, வெடிப்புக்குள் உப்பு ஏறியிருக்கும். டிக்கெட் எடுத்தவருக்குத் தீவு, அவருக்குத் தடை. இது எந்த ஊர் நியாயம்?

தங்கச்சிமடத்தான்:
அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பார்ப்பதும் எடுப்பதும் ஒன்றாகுமா? 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனது. அதற்கு முன்னால் பவளப்பாறையை வெட்டியே தீர்த்தோம். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகளும் தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பதன் மேல் தினமும் நூறு பேர் கால் வைத்தால் தாங்குமா? நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்குப் போகும் என் மச்சான் அந்த இரண்டு மாதமும் என்னோடுதான் வண்டியில் வருகிறார். சுற்றுலா இல்லையென்றால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

பாசிக்காரி மகள்:
தம்பி, பாறை மேல் கால் வைப்பதைப் பற்றி எங்களுக்கே சொல்கிறீர்களா? மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, இரும்பு வைத்துச் சுரண்டக் கூடாது என்று பெண்கள் தாங்களே கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடு இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் படகு மாதத்தில் 18 நாள் கரையில் நிற்கிறது? குருசடையில் பவளத்தை மூடிப் படர்ந்த கப்பாஃபைகஸ் பாசி வெளிநாட்டுச் சரக்கு. வளர்ப்புக்கென்று கொண்டுவந்தது. அதையும் எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

தொண்டிக்கரை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு போகிறது. ஊர்க்காரர்களே கூட்டிப்போகிறார்கள், ஊர்ப் பெண்களே மீனும் நண்டும் சமைக்கிறார்கள். காசு ஊரில் நிற்கிறது. எனக்குப் பயம் வேறு இடத்தில். 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில், மக்கள் நெருக்கமாக வாழும் கிராமப்புறக் கரைகளில் கட்டடம் கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். வலை காயப்போடும் மணலில் நாளைக்கு ரிசார்ட் சுவர் எழும்பினால் உங்கள் இரண்டு பேர் சண்டைக்குமே இடமிருக்காது.

தங்கச்சிமடத்தான்:
ரிசார்ட் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். சரி, 12 நாள் கணக்கு எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அம்மா மாதிரி கடல் தெரிந்தவர்களையே படகில் வழிகாட்டியாகப் போடட்டுமே. முங்கிக் கஷ்டப்படவும் வேண்டாம்.

பாசிக்காரி மகள்:
போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு படகுக்கு எத்தனை வழிகாட்டி? இரண்டு பேர். எங்கள் தெருவில் மட்டும் பாசிக்குப் போகிற வீடு பதினாலு. மீதிப் பேரை எங்கே போகச் சொல்கிறீர்கள்? வேலை தருகிறேன் என்று சொல்லித் தீவை வாங்கிக்கொள்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அந்த 12 நாளுக்கு இறங்க அனுமதி எழுத்தில் வரட்டும். படகைப் பற்றி அப்புறம் பேசலாம்.