அல் கபோனை வளர்த்தது மதுவிலக்கா, நகர மன்றமா?

தென்பொதிகை:
1920 ஜனவரி 17 அன்று அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்திராவிட்டால், சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோன் என்ற பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். வழிப்பறிக்கு நான்கு முரடர்கள் போதும். பீர் விற்க அப்படி முடியாது. வடிக்கும் ஆலை, லாரிகள், கிடங்கு, கணக்கர், தினமும் சரக்கு வாங்கும் ரகசிய மதுக்கடைகள் என எல்லாம் வேண்டும். கபோனுக்கு முன் கும்பலின் தலைவராக இருந்த ஜானி டோரியோ சிகாகோவைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு கும்பலுக்கும் எல்லை வகுத்துக் கொடுத்தது அதனால்தான். தெருக் கும்பலை நிறுவனமாக்கியது அந்தச் சட்டமே.

மேகநாதன்:
நண்பரே, அந்த டோரியோ நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு வந்தது மதுவிலக்குக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு. வந்தது யாரிடம்? விபச்சார விடுதிகள் நடத்திய ஜிம் கொலோசிமோவிடம். கென்னா, காஃப்லின் என்ற இரு நகர மன்ற உறுப்பினர்களுக்குத் தேர்தல்தோறும் வாக்குத் திரட்டித் தந்தவர் கொலோசிமோ. பதிலுக்குப் போலீஸ் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

நியூயார்க்கையும் பாருங்கள். 1912இல் ஹெர்மன் ரோசென்தால் என்ற சூதாட்ட விடுதிக்காரர், தன் தொழிலில் சார்லஸ் பெக்கர் என்ற போலீஸ் அதிகாரிக்குப் பங்கு உண்டு என்று செய்தித்தாளில் அம்பலப்படுத்தினார். சில நாள்களிலேயே ஓட்டல் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 1915இல் பெக்கருக்கு மின்நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது மது சட்டப்படி விற்ற பொருள்!

தென்பொதிகை:
நீங்கள் சொல்லும் காலத்தில் அரசியல்வாதி எஜமான், ரவுடி வேலைக்காரன். அந்த உறவைத் தலைகீழாக்கியது மதுப் பணம். 1924 ஏப்ரலில் சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரத் தேர்தலில் கபோன் கும்பல் துப்பாக்கியோடு வாக்குச்சாவடிகளில் நின்றது. சிகாகோவிலிருந்து அனுப்பப்பட்ட போலீசார் கபோனின் அண்ணன் பிராங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனாலும் கும்பல் ஆதரித்த வேட்பாளர்களே வென்றார்கள். கொலோசிமோவால் இதைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

அல்லி:
இருவரும் தலைவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தக் கும்பல்களிடம் முதலில் அடிபட்டவர்கள் குடியேறிய ஏழைகள். பணம் தராவிட்டால் கடையைக் குண்டு வைத்துத் தகர்ப்போம் என்ற ‘கறுப்புக் கை’ மிரட்டல் கடிதங்கள் இத்தாலியக் கடைக்காரர்களுக்கே வந்தன. அவர்களுக்காகப் போராடிய நியூயார்க் போலீஸ் அதிகாரி ஜோசப் பெட்ரோசினோ 1909இல் பலெர்மோவில் கொல்லப்பட்டார். பின்னாளில் சிகாகோவின் ஜென்னா சகோதரர்கள் அதே இத்தாலியக் குடும்பங்களின் சமையலறைகளில் சாராயம் காய்ச்ச வைத்தார்கள். ஆலைக்கூலியைவிட அதில் வருமானம் அதிகம். பசித்த வீடு வேண்டாம் என்றா சொல்லும்? வசதி படைத்தவர்களோ, தடைக்கு முன்பே வாங்கி நிலவறையில் அடுக்கிய மதுவைச் சட்டப்படியே குடித்தார்கள். எனக்கு ஆத்திரம் மூட்டுவது அதுதான்.

மேகநாதன்:
அல்லி சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். தென்பொதிகை, சிசரோ என் பக்கத்துச் சாட்சி. கும்பல் ஏன் அங்கே போனது? 1923இல் மேயரான வில்லியம் டீவர் சிகாகோவில் பிடியை இறுக்கினார். அவருக்கு மதுவிலக்கில் நம்பிக்கை இல்லை. ஆனால் சட்டம் இருக்கும்வரை நிறைவேற்ற வேண்டும் என்றார். அவருக்கு முன் தாம்சன் மேயராக இருந்தபோதும் அதே சட்டம்தான் இருந்தது. மாறியது நகர மன்றத்தின் தலைமை.

தென்பொதிகை:
டீவர் நேர்மையானவர், மறுக்கவில்லை. விளைவு என்ன? டோரியோவின் எல்லை ஒப்பந்தம் சிதறியது. 1924 நவம்பரில் எதிர்க் கும்பலின் தலைவர் ஓ'பேனியன் தன் பூக்கடையிலேயே கொல்லப்பட்டார். 1925 ஜனவரியில் டோரியோ குண்டடிபட்டுத் தொழிலைக் கபோனிடம் ஒப்படைத்தார். 1926இல் ஓ'பேனியனின் கூட்டாளி ஹைமி வைஸ் சுடப்பட்டு விழுந்தார். எல்லாம் டீவர் ஆட்சியில்! 1927இல் மக்கள் தாம்சனையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் விரும்பி வாங்கும் பொருளைத் தடைசெய்துவிட்டு, ஒரு நல்ல மேயரால் என்ன செய்ய முடியும்?

மேகநாதன்:
1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு ஒழிந்தது. கும்பல்கள் ஒழிந்தனவா? சூதாட்டத்துக்கும் தொழிற்சங்கங்களை மிரட்டிப் பணம் பறிப்பதற்கும் போயின. 1936இல் நியூயார்க் கும்பல் தலைவர் லக்கி லூசியானோ சிறை சென்றது விபச்சார வழக்கில். அதாவது கொலோசிமோவின் பழைய தொழிலில்.

தென்பொதிகை:
பதின்மூன்று ஆண்டுகள் மதுவில் குவித்த பணமும் ஆள்பலமும் இல்லாமல் அவற்றுக்குள் அந்த அளவுக்கு எப்படி நுழைந்திருப்பார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேகநாதன்:
1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் கபோனின் எதிர்க் கும்பலோடு தொடர்புடைய ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1931இல் கபோனுக்கு 11 ஆண்டு சிறை விதித்தது மத்திய அரசின் வருமான வரி வழக்கு. பணம் மதுவில் வந்தது, சரி. சிகாகோவின் போலீசும் நீதிமன்றமும் அந்தப் பணத்துக்கு விலைபோகும் நிலையில் 1920க்கு முன்பே இருந்தன. நான் கேட்பது அதைத்தான்: அந்த நிலையை உண்டாக்கியது யார்?