“எல்லாம் புரியும் மேடம், பேச்சுதான் வரல”

ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதியது:

பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் அறைக்கு வரும் அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்ததும் சொல்வது தலைப்பில் இருப்பதைத்தான். அவர்கள் பொய் சொல்வதில்லை. வீட்டில் சொன்னதைப் பிள்ளை செய்கிறது, அதைச் சொல்கிறார்கள்.

போன மாதம் இரண்டரை வயதுப் பையன் ஒருவன் வந்தான். “இப்போ பாருங்க” என்று அம்மா எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடியே “செருப்பை எடுத்துட்டு வா, கிளம்பலாம்” என்றார். பையன் ஓடிப்போய்ச் செருப்போடு வந்து நின்றான். அம்மா முகமெல்லாம் பூரிப்பு. அவரை மறுபடி உட்காரச் சொன்னேன். பை கீழே, கை மடியில், பார்வை பையன் முகத்தில் மட்டும். இப்போது அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். பையன் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தான். அப்புறம் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மேசையில் பந்து, கரண்டி, டம்ளர் மூன்றையும் வைத்தேன். பந்து கையில் கிடைத்தால் எந்தப் பிள்ளையும் எறியும். “பந்தை எறி” என்று சொல்லி அவன் எறிந்தால் எனக்குத் தெரிவது ஒன்றுமில்லை. வீட்டில் யாரும் சொல்லியிருக்காத எதையாவது கேட்க வேண்டும். “கரண்டியைத் தலையில வை” என்றேன். சொன்னது புரிந்த பிள்ளை கரண்டியைத் தலையில் வைத்துவிட்டு, இது என்ன கூத்து என்பதுபோல் நம்மைப் பார்க்கும். இவன் கரண்டியை எடுத்து வாயில் வைத்தான். மூன்று பொருளில் ஒன்றைத் தற்செயலாகவும் எடுத்திருக்கலாம் இல்லையா? இடம் மாற்றி வைத்து ஐந்தாறு தடவை கேட்ட பிறகுதான் ‘பொருள்களின் பெயர் தெரிகிறது, வாக்கியம் போய்ச் சேரவில்லை’ என்று எழுதினேன்.

இதெல்லாம் அம்மாக்களுக்கு மட்டும் நடக்கிற ஏமாற்றம் என்று நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. படிக்கும்போது நான் செய்த பரிசோதனையை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். பக்கத்துக்கு நான்கு படம், நான் சொல் சொன்னால் பிள்ளை படத்தைத் தொட வேண்டும். சொல் புரிதலை அளக்க 1959இல் வந்த பீபாடி சோதனையும் இதே முறைதான். வீடியோவில் பார்த்தால், வாயைத் திறக்கும் முன்பே என் கண் சரியான படத்துக்குப் போய்விடுகிறது! அந்தப் பிள்ளை என் கண்ணைப் பார்த்தே தொட்டிருக்கிறாள். பெர்லினில் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரையை 1904இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்தபோது, கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. என் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

மறுபக்கமும் இருக்கிறது. 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகளை அம்மா மடியில் உட்காரவைத்து, திரை அம்மாவுக்குத் தெரியாதபடி மறைத்தார்கள். அப்படியும் சாப்பாட்டுப் பொருள், உடல் உறுப்பு இவற்றின் பெயரைக் கேட்டதும் அந்தப் படத்தின் பக்கமே கண் அதிகம் போயிற்று. பேச்சு வராத வயதில் புரிதல் இருக்காது என்பதும் தப்புக் கணக்குதான்.

நீங்கள் ஏமாந்த கதை, ஏமாறாத கதை இரண்டையும் எழுதுங்கள்.

ஓர் அம்மா எழுதியது:

எனக்கு நடந்தது நேர்மாறு. மூன்று வயதில் மகளை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனோம். இருபது நிமிஷத்தில் ‘புரிதல் ஒன்றரை வயது அளவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று அவளுக்கு மூக்கடைப்பும் சளியும். பிறகு காதைப் பார்த்த டாக்டர், இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருக்கிறது என்றார். கூப்பிட்டால் திரும்புகிறாளே, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நாங்களும் இருந்துவிட்டோம். அவள் திரும்பியது பெயரைக் கேட்டா, என் கால் கொலுசைக் கேட்டா, இன்று வரைக்கும் தெரியாது. நீர் வற்றிய பிறகு வேறோர் இடத்தில் அதே மாதிரி சோதனை, வயதுக்குச் சரியாக வந்தது. முதல் நாளே “காதைப் பாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தெரபிஸ்ட்: சொல்லியிருக்கத்தான் வேண்டும் மேடம். காது ரிப்போர்ட் கையில் இல்லாமல் புரிதலைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது.

கனடாவிலிருந்து ஓர் அப்பா:

நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறம், சொந்த இடம் யாழ்ப்பாணம். மகனுக்கு நாலு வயதில் சோதனை. மொழிபெயர்க்க ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். நல்ல மனுசி, சென்னைக்காரர். “நாற்காலி எது?” என்று கேட்டா. மகன் முழித்தான். எங்கட வீட்டில் அது கதிரை. “ஷூ எது?” அது சப்பாத்து. “சோப்பு?” அது சவர்க்காரம். வாயைத் திறந்தால் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். தெரபிஸ்ட் பேனையை வைத்துவிட்டு, வீட்டுச் சொற்களை எழுதிக்கொண்டு அடுத்த கிழமை வரச் சொன்னா. அடுத்த கிழமை கதிரை, சப்பாத்து எல்லாம் டக் டக்கென்று காட்டினான். கத்தரிக்கோல் மட்டும் தமிழில் தெரியவில்லை, இங்கிலிஷில் கேட்டால் தெரிந்தது, நேர்சரியில் படித்தது. இரண்டு மொழியையும் சேர்த்துத்தான் எண்ணினா. பேச்சுத்தான் பிந்துது, விளக்கத்தில் பிழையில்லை என்று முடிவு வந்தது.

அங்கன்வாடி டீச்சர் எழுதியது:

எங்கள் பதிவேட்டில் ‘இரண்டு கட்டளைகளைப் பின்பற்றுகிறது’ என்று ஒரு கட்டம் உண்டு. பன்னிரண்டு மணிக்கு “தட்டை எடுத்துட்டு வரிசையில உட்காரு” என்பேன், எல்லாப் பிள்ளையும் செய்யும், எல்லாருக்கும் டிக். தெரபிஸ்ட் மேடம் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அதையே பத்து மணிக்குச் சொல்லிப் பார்த்தேன். குழம்பு வாசனை வரவில்லை, ஆயாம்மா இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. நான்கு பிள்ளைகள் எழுந்தார்கள். மற்றவர்கள் அந்த நான்கு பேரைப் பார்த்து எழுந்தார்கள். போன வருஷம் போட்ட டிக்கையெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

அப்புறம் இரண்டு படம் வரைந்தேன். ஒன்றில் புலி ஆட்டைத் துரத்துகிறது, இன்னொன்றில் ஆடு புலியைத் துரத்துகிறது. (என் ஆடு நாய் மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.) தமிழில் எதை முன்னால் சொன்னாலும் ஒன்றுதானே, அந்த ‘ஐ’ எதில் ஒட்டியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் சின்னப் பிள்ளைகள் எப்படிக் கேட்டாலும் புலி துரத்துகிற படத்தையே தொட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த புலி அதுதான்.

மூன்றே முக்கால் வயதில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். இதுவரை நான்கைந்து சொல்தான் பேசுவாள், ‘மந்தம்’ என்று எழுதலாமா என்று நானே யோசித்து வைத்திருந்தேன். “புலியை ஆடு துரத்துது” என்றேன். களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்போது படம் இரண்டும் என் மடியில் கவிழ்ந்து கிடந்தன, அவளிடம் இன்னும் காட்டவே இல்லை.

தெரபிஸ்ட்: டீச்சர், அந்தச் சிரிப்பைத் தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். மந்தம் என்று எங்கும் எழுத வேண்டாம். மாவட்ட டி.இ.ஐ.சி.க்கு (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் அரசு மையம்) கடிதம் கொடுத்து அனுப்பும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். காது பார்த்தாயிற்றா?