தாத்தாவின் ஹெர்குலஸ் சைக்கிளை ஃபிக்ஸட் கியராக (பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும் வகையாக) மாற்ற உதவி வேண்டும்

வணக்கம். மாட்டுக்கொட்டகையில் கிடந்த தாத்தாவின் 22 அங்குல ஹெர்குலஸைத் துருத் தேய்த்துப் பார்த்தேன், பிரேம் உறுதியாகவே இருக்கிறது. பின்சக்கரம் மாட்டும் பள்ளம் பின்பக்கம் திறந்திருப்பதால் செயினை இழுத்துக் கட்டவும் வழியுண்டு.

சிக்கல் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில்தான். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், "ஃப்ரீவீலை வெல்டு வெச்சுடலாம் தம்பி" என்கிறார் (பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழல விடும் பல்சக்கரம்தான் ஃப்ரீவீல்). எனக்குப் பயமாக இருக்கிறது. சாதாரண ஹப்பில் வலது மரை மட்டும்தான். வேகம் குறைக்கப் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் பல்சக்கரம் கழன்றுவிடலாம். ஃபிக்ஸட் கியருக்கென்றே வரும் டிராக் ஹப்பில் இடது மரை லாக் ரிங் (பூட்டு வளையம்) அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் டிராக் ஹப்புக்குப் பிரேமின் பின்பக்கம் 120 மி.மீ. அகல இடம் வேண்டும், என் பிரேமில் 110தான். இரும்பு பிரேம்தானே, விரிக்கலாமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் பிரேக். 635 மி.மீ. ரிம்முக்குப் பதில் 622 போட்டால் பழைய கம்பி பிரேக் பொருந்தாது. முன்பிரேக் இல்லாமல் நம் சாலையில் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை (அம்மாவும் விடமாட்டார்). வேறு பிரேக் மாட்ட ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டில்) துளையும் கிடையாது. துளை போடலாமா, ஃபோர்க்கையே மாற்றுவது நல்லதா?

மதுரைப் பக்கம் யாரிடமாவது பழைய டிராக் ஹப் இருந்தால் விலையோடு சொல்லுங்கள். காட்டர் பின் கிராங்க் (ஆப்பு ஆணியால் இறுக்கிய பெடல் தண்டு) அப்படியே இருக்கட்டும், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.