சின்ன பிஸ்டல் வாங்கியும் நாள் முழுக்க இடுப்பில் வைத்திருக்க முடியவில்லை, வழி சொல்லுங்கள் (ஹூஸ்டன்)

கடைக்காரத் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் மச்சானோடு சேர்ந்து கேஸ் ஸ்டேஷன் கடை நடத்துகிறேன். இரவு கடை மூடுவது என் பொறுப்பு. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வாங்கினேன். பேரல் 3 அங்குலத்துக்குச் சற்று மேல், மேகசினில் 10 தோட்டா. மாடல் பெயரைச் சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும், அதனால் சொல்லவில்லை.

சட்டைக்கு மேல் பிடி துருத்திக்கொண்டு தெரிகிறது. காரில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பில் குத்துகிறது. வலி தாங்காமல் கழற்றி சீட்டுக்கு நடுவில் இருக்கும் பெட்டியில் வைக்கிறேன், கடையில் கவுண்டருக்குக் கீழே டிராயரில் வைக்கிறேன். பிஸ்டலை இடுப்பில் மாட்டி வைக்கும் ஹோல்ஸ்டர் விலை குறைவான துணி வகை. குழலின் அடியில் தோட்டா வெடிக்கும் அறையான சேம்பரில் தோட்டா இல்லாமல்தான் வைத்திருக்கிறேன், இருந்தால் பயமாக இருக்கிறது. வீட்டில் 9 வயது மகனும் 4 வயது மகளும் இருப்பதால் தினமும் ராத்திரி மேகசினைக் கழற்றிவிட்டுக் காலையில் மறுபடி போடுகிறேன்.

இன்னொன்று. சுட்டுப் பழகும் ரேஞ்சில் நான் சுட்டால் ஒழுங்காக ஓடுகிறது. அதே டப்பாத் தோட்டாவை மனைவி சுட்டால் காலி உறை, பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடில் செங்குத்தாகச் சிக்கிக்கொள்கிறது. பிஸ்டலில் கோளாறா? இதை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

டல்லாஸ்_குமரன்

இன்னும் சின்னதா ஒரு 380 தோட்டா பிஸ்டல் வாங்கிடுங்க நண்பா. பேன்ட் பாக்கெட்ல போட்டுட்டு மறந்துடலாம்.

மதுரைக்காரன்_சான்அன்டோனியோ

குமரன் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் எல்.டி.சி. (டெக்சாஸில் கைத்துப்பாக்கி எடுத்துப்போகும் உரிமம்) வகுப்பு எடுப்பவன். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பதிலேயே மிகச் சின்னது எதுவோ அதோடுதான் வருகிறார்கள், வகுப்பு முடிவதற்குள் அதைச் சுடவே பிடிக்காமல் போய்விடுகிறது. எடை குறைந்தால் உதை முழுக்கக் கைக்கு வரும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. சுடப் பிடிக்காத துப்பாக்கியை யாரும் பயிற்சிக்கு எடுத்துப்போவதில்லை. இந்த ரகத்தில் 380-க்கு ஓர் இடம் உண்டு, ஆனால் அது பழகியவர் கைக்கு.

தம்பி, பிஸ்டலை மாற்ற வேண்டாம். அந்தத் துணி ஹோல்ஸ்டரை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். துணி டிரிகரை மூடியிருப்பதுபோல் தெரியும், ஆனால் வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் துணியோடு சேர்த்து டிரிகரும் நகரும். பிஸ்டலை உருவியதும் அதன் வாய் மூடிக்கொள்ளும். திருப்பி வைக்க இடது கையால் விரித்துப் பிடிக்க வேண்டும், அந்தக் கை நேராகக் குழல் முன்னால் நிற்கும். உங்கள் மாடலுக்கென்றே அச்சு வார்த்த கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் வாங்குங்கள். தோட்டா இல்லாத பிஸ்டலை அதில் செருகித் தலைகீழாக உலுக்கினாலும் விழக்கூடாது. டிரிகர் காப்புக்குள் எந்தப் பக்கத்திலிருந்தும் விரல் நுழையக்கூடாது.

சட்டையில் தெரிவது பற்றி. பேரல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடும், அது எத்தனை நீளமானாலும் வெளியே தெரியாது. காட்டிக்கொடுப்பது பிடியின் பின்மூலைதான். ஹோல்ஸ்டரில் டிரிகர் பக்கம் சின்ன இறக்கை மாதிரி ஒரு துண்டு வைத்து விற்பார்கள். பெல்ட் அதை உள்ளே தள்ளும்போது பிடி வயிற்றோடு திரும்பிப் படுத்துவிடும். பேரல் முனைப் பக்கம் உடம்புக்கும் ஹோல்ஸ்டருக்கும் நடுவே மெத்தென்ற ஒரு ஆப்பு ஒட்டினால் மேல்பகுதி இன்னும் உள்ளே சாயும், எலும்பில் குத்துவதும் குறையும். பேரல் கொஞ்சம் நீளமாக இருந்தால் இந்தச் சாய்வு இன்னும் நன்றாகக் கிடைக்கிறது. 4 அங்குலப் பேரலும் 15 தோட்டாவும் உள்ள கிளாக் 19-ஐ ஒல்லியான ஆட்கள் டி-ஷர்ட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டு நடப்பது இதனால்தான். 2018-ல் சிக் பி365 வந்து அத்தனை சின்ன உடம்பில் 10 தோட்டா அடக்கிய பிறகு எல்லோரும் சின்னதைத் தேடி ஓடினார்கள், பிறகு அதே கம்பெனி நீளப் பேரலோடு இன்னொன்று விட்டபோது பலர் அதற்கு மாறினார்கள்.

பெல்ட்டும் முக்கியம். ஆபீஸுக்குப் போடும் தோல் பெல்ட் மதியத்துக்குள் தொய்ந்துவிடும். குறுக்கே மடங்காத விறைப்பான பெல்ட் போட்டால் எடையே பாதியானதுபோல் இருக்கும்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படவைத்தது காரும் டிராயரும்தான். இடுப்பில் ஒழுங்கான ஹோல்ஸ்டரில் இருக்கும் பிஸ்டல் தானாக எதுவும் செய்யாது. எடுக்கும்போதும் வைக்கும்போதும்தான் விரல் டிரிகர் பக்கம் போகிறது. டிராயரில் இருப்பது அடுத்த ஷிப்ட் பையன் கைக்குப் போகலாம். காரில் விட்டது கண்ணாடி உடைத்தவன் கைக்குப் போகும். அதனால் காலையில் ஒருமுறை மாட்டுங்கள், ராத்திரி ஒருமுறை கழற்றுங்கள், நடுவில் தொடவே வேண்டாத அளவுக்கு வசதியைத் தேடுங்கள். பாத்ரூமிலும் அப்படித்தான்: ஹோல்ஸ்டரிலேயே இருக்கட்டும், இறக்கிய பேன்ட்டின் மடிப்பில் கிடக்கட்டும். ஃப்ளஷ் டாங்க் மேல் வைத்துவிட்டுப் போனவர்கள் கதை ஊர் ஊருக்கு உண்டு.

கடைக்காரத் தம்பி

ரொம்ப நன்றி அண்ணா. பெல்ட்டும் ஹோல்ஸ்டரும் இந்த வாரமே வாங்குகிறேன். ஆனால் சேம்பர் விஷயம்? டிரிகர் அழுந்தாமல் தானாக வெடிக்காது என்று புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்க மாட்டேன் என்கிறது. அப்புறம், ராத்திரி மேகசினைக் கழற்றாமல் விட்டால் பிள்ளைகள்?

மதுரைக்காரன்_சான்அன்டோனியோ

மனசைக் கட்டாயப்படுத்த வேண்டாம், சோதித்துக் காட்டுங்கள். தோட்டா அத்தனையும் வேறு அறையில் பூட்டிவையுங்கள். பிஸ்டல் காலி என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தரம் பாருங்கள். ஸ்லைடை இழுத்து விட்டு, டிரிகர் தயார் நிலையில் இருக்க, புது ஹோல்ஸ்டரில் போட்டு வீட்டோடு ஒரு வாரம் வையுங்கள். குனியுங்கள், சோபாவில் சாயுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள். ராத்திரி பார்த்தால் பிஸ்டல் அப்படியே தயார் நிலையில் இருக்கும். இதைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு வரும் தெம்பு நான் எத்தனை பேசினாலும் வராது. அதற்குப் பிறகும் பயம் போகவில்லையா, காலி சேம்பரோடே வையுங்கள், ஆனால் ஒரு கை மாட்டிக்கொண்டால் ஸ்லைடை இழுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

எப்படி வைத்தாலும் ஹோல்ஸ்டரில் திருப்பிச் செருகுவது மட்டும் நிதானமாக நடக்கட்டும். சட்டையை முழுக்கத் தூக்கி, குனிந்து பார்த்து, விரலை ஸ்லைடு ஓரமாக நீட்டிவைத்துச் செருகுங்கள். சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ டிரிகர் காப்புக்குள் போய் மாட்டிக்கொள்வது பல விபத்துக்குக் காரணம். அவசரமாகச் செருக எந்தக் காரணமும் கிடையாது.

ராத்திரிக்கு வருவோம். சேம்பரில் போடத் தொடங்கிய பிறகு தினமும் எடுத்துப் போடும் பழக்கத்தைக் கொண்டுவராதீர்கள். ஒரே தோட்டா திரும்பத் திரும்ப சேம்பருக்குள் போய் வந்தால் குண்டின் முனை சேம்பர் வாயில் உள்ள சரிவில் இடித்து உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். சந்தேகமாக இருந்தால் அந்தத் தோட்டாவையும் டப்பாவிலிருந்து ஒரு புதுத் தோட்டாவையும் மேசைமேல் பக்கத்தில் நிற்கவைத்துக் கண் மட்டத்தில் பாருங்கள். மயிரிழை குட்டையாகத் தெரிந்தாலும் அதைச் சுடாதீர்கள், ரேஞ்சில் கொடுத்து ஒழித்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, பெல்ட் கிளிப்பை விடுவித்து ஹோல்ஸ்டரோடு முழுதாகக் கழற்றி, பட்டன் பூட்டு உள்ள சின்ன பெட்டகத்தில் அப்படியே வையுங்கள். டிரிகர் எப்போதும் மூடியே இருக்கும், தோட்டாவும் தேயாது. பெட்டகத்தைக் கட்டில் சட்டத்திலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். பரண்மேல், புடவை அடுக்குக்கு அடியில் என்பதெல்லாம் 9 வயதுப் பையனுக்கு ஒளிவிடமே இல்லை. டெக்சாஸ் சட்டத்திலும் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி விட்டுவைப்பது குற்றம், அவன் சுட்டு யாருக்காவது உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஆனால் தண்டனை கூடும். மகனிடம் பேசவும் பேசுங்கள்: எங்கே பார்த்தாலும் தொடாதே, அங்கிருந்து வா, பெரியவர்களிடம் சொல்.

பேர்லேண்ட்_மீனா

தம்பி, உங்க வீட்டம்மா பிரச்சினைக்கு நான் பதில் சொல்றேன். அதே தோட்டா உங்க கையில ஓடுது, அவங்க கையில சிக்குதுன்னா பிஸ்டல்ல கோளாறு இல்ல. ஸ்லைடு முழுசா பின்னால போய் காலி உறையைத் தூக்கி எறியணும்னா, கீழ இருக்கிற சட்டகம் அசையாம நிக்கணும். மணிக்கட்டு தளர்ந்தா முழு பிஸ்டலும் சேர்ந்து பின்னால போயிடும், ஸ்லைடுக்கு வேகம் கிடைக்காது, உறை வெளிய போறதுக்குள்ள கதவு மூடிக்கும். சின்ன பிஸ்டல்ல ஸ்பிரிங் விறைப்பு, ஓடுற தூரமும் குறைவு, அதனால இன்னும் சீக்கிரம் காட்டும்.

கையை மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சவ்வு, பிடியோட பின்வளைவுல மேல போய் முட்டணும், இடைவெளியே தெரியக்கூடாது. இடது கை மீதி இடத்தை மூடி இறுக்கணும், மணிக்கட்டு பூட்டின மாதிரி இருக்கணும், உடம்பு லேசா முன்னால சாயணும். பாதிப் பேருக்கு இதுலயே சரியாயிடும். சிக்கினா பதற வேண்டாம்: குழல் இலக்கு பக்கமே இருக்கட்டும், விரல் வெளிய, மேகசின் அடியை ஒரு தட்டு, ஸ்லைடை ஒரு இழு, அவ்வளவுதான். ஸ்லைடு இழுக்க முடியலன்னா இடது கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வலது கையால பிஸ்டலை முன்னால தள்ளச் சொல்லுங்க, பலம் நெஞ்சிலிருந்து வரும். அப்பவும் கஷ்டம்னா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியோட ஷீல்டு ஈஇசட் மாதிரி ஸ்லைடு லேசா வர்றதை ரேஞ்சில வாடகைக்கு எடுத்துப் பாக்கட்டும். அவங்க பிஸ்டலை நீங்க தேர்ந்தெடுக்காதீங்க. இது முக்கியம்.

அவங்களும் வெளிய எடுத்துப்போகப் போறாங்களா? சல்வார், லெக்கிங்ஸுக்கு பெல்ட் கிடையாது. ஹோல்ஸ்டரைத் தனி இடுப்புப் பட்டையில மாட்டுற எனிக்மா மாதிரி அமைப்பு இருக்கு, கமீஸுக்கு அடியில நல்லா மறையுது. ஹேண்ட்பேக்ல மட்டும் வேண்டாம். பேக் தோள்ல இருந்து இறங்குற நேரம்தான் 4 வயசுக் குழந்தை சாக்லேட் தேடும்.

கோயிலுக்குப் போற நாள், வேட்டி கட்டுற நாள், அன்னைக்கு வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். வேட்டிக்கு பெல்ட்ல மாட்டுற ஹோல்ஸ்டர் நிக்காது. அங்க போய் கார்ல விட்டுட்டு இறங்குறதை விட இது எவ்வளவோ மேல்.

ஆஸ்டின்_எச்1பி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் கைத்துப்பாக்கி எடுத்துப்போக உரிமமே வேண்டாம் என்று 2021-ல் சட்டம் வந்துவிட்டதே, நானும் வாங்கலாம்தானே?

மதுரைக்காரன்_சான்அன்டோனியோ

கூடாது தம்பி, தயவுசெய்து நண்பர் பேச்சைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள். அந்த மாநிலச் சட்டம் ஏற்கெனவே வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்குத்தான். மத்திய சட்டம் குடியேறாத விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே பொதுவாகத் தடுக்கிறது, குடும்பத்தாருக்கான எச்-4-ம் அதில் சேரும். ரேஞ்சில் வாடகைக்குக் கையில் எடுப்பதும் வைத்திருப்பதுதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் ஒரு விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். மீறினால் 15 வருடம் வரை சிறை, அதோடு நாடு கடத்தலும் வரும்.

கடைக்காரத் தம்பிக்கும் இதில் ஒன்று. உரிமம் கட்டாயமில்லை என்றாலும் எல்.டி.சி. எடுங்கள். பள்ளி மைதானத்தைச் சுற்றி 1000 அடிக்கு மத்திய சட்டம் தனியாக உண்டு. மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு, இல்லாதவர் தோட்டா நீக்கிப் பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் அப்பாவுக்கு இது தினசரி விஷயம். தேர்வு ஒன்றும் பயப்படும்படி இல்லை: 3, 7, 15 கஜத்தில் மொத்தம் 50 தோட்டா, 250-க்கு 175 எடுத்தால் போதும். கடை வாசல்களில் துப்பாக்கியோடு நுழையத் தடை சொல்லும் 30.05, 30.06, 30.07 என்று எண் போட்ட பலகைகளையும், மது விற்பனை இடங்களில் 51 சதவீதப் பலகையையும் படித்துப் பழகுங்கள். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் நம் உரிமத்தை ஏற்பதில்லை.

கல்லாப் பணம் கேட்டு ஒருவன் வந்தால் கொடுத்து அனுப்புங்கள். இடுப்பில் இருப்பது உங்கள் உயிருக்கும் மச்சான் உயிருக்கும்.

பேர்லேண்ட்_மீனா

ஊருக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையை இந்தியப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீங்க. தையல் ஓரத்துல ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை ஏர்போர்ட்ல 1959 ஆயுதச் சட்டத்துல வழக்கு வரும். தெரியாம வந்ததுன்னு கோர்ட்ல நிரூபிச்சு வெளிய வரலாம், அதுக்குள்ள லீவும் பாஸ்போர்ட்டும் மாட்டிக்கும். ரேஞ்சுக்குன்னு தனிப் பை, அது கராஜை விட்டு வீட்டுக்குள்ள வரக்கூடாது.

கடைக்காரத் தம்பி

கைடெக்ஸ் வந்துவிட்டது. இறக்கையும் ஆப்பும் போட்ட பிறகு காரில் குத்துவது நின்றுவிட்டது, டிராயர் பக்கமே போகவில்லை. மனைவிக்கும் பிடியை உயர்த்திப் பிடித்ததில் சிக்கல் ஒன்றிரண்டோடு நின்றது. காலி பிஸ்டல் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: இந்த வெயிலில் வேர்வை ஊறி ஸ்லைடு ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளி தெரிகிறதே?

மதுரைக்காரன்_சான்அன்டோனியோ

துருதான், மேலோட்டமாக இருக்கும். தோட்டா எல்லாம் நீக்கிவிட்டு நைலான் பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள், போய்விடும். ஹூஸ்டன் ஆகஸ்டில் ராத்திரி பெட்டகத்தில் வைக்கும்முன் ஸ்லைடின் உடம்புப் பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. உள்ளே ஒரு பனியன் போடுங்கள். மேகசினைப் பிரித்து பனியன் பஞ்சைத் தட்டுங்கள், அது தோட்டாவை ஏறவிடாமல் தடுக்கும். ஹோல்ஸ்டர் கிளிப் திருகுகளையும் அப்போதே ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள், புதிதில் அவை தளரும்.